இரத்தத்தில் ராகி

எங்கள் வீட்டில் எனக்கென்று ஒரு வேலை இருந்தது. மோந்து பார்ப்பது. நேற்று வைத்த மீன் குழம்பு கெட்டுவிட்டதா, பால் திரியப் பார்க்கிறதா, மழையில் சரியாகக் காயாத சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே போகலாமா, எதுவானாலும் அக்கா என்னைத்தான் கூப்பிடுவாள். "நீ மோந்து பாரு" என்று பாத்திரத்தை என் முகத்துக்கு நேராக நீட்டுவாள். நான் முகம் சுளித்தால் அது கொல்லைக்குப் போகும், சுளிக்காவிட்டால் மேசைக்கு வரும். அக்காவின் கணவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். அவர் எனக்கு மூக்கு என்றே பட்டம் வைத்திருந்தார். வேலை முடிந்து நான் படியேறும்போதே, "மூக்கு வந்துருச்சு, சோறு போடுலா" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார்.

எனக்கு அருவருப்பு சீக்கிரம் வரும். அடுத்தவர் எச்சில் பட்ட தம்ளர், பஸ்ஸில் எண்ணெய்த் தலை சாய்ந்த கண்ணாடி, ஈரக்கையால் கொடுக்கும் சில்லறை, எல்லாமே எனக்கு வயிற்றைப் புரட்டும். இப்படிப்பட்ட ஒருத்திக்கு ஆஸ்பத்திரி வார்டில் ஒரு மழைக்காலம் முழுக்கப் போய் உட்கார்ந்திருக்கும்படி விதித்திருந்தது. ஆனால் அங்கே என்னை அதிகமாக அருவருக்க வைத்தது நோய் இல்லை. ஒரு சொல்லை வாயில் போட்டு மென்று ஊரெல்லாம் துப்பினார்களே, அதுதான்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். மாமாவுக்கு ரயில்வேயில் பிட்டர் வேலை. எங்கள் அப்பா அம்மா போன பிறகு என்னைத் தன்னோடு வைத்துக்கொள்ள வேண்டும் என்று அக்கா கேட்டபோது, "மூக்கு எவ்வளவு எடத்த அடச்சிடும்?" என்று மட்டும் கேட்டவர். நான் பக்கத்துத் தெருவில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட். அக்காவுக்குக் கல்யாணமாகிச் சில வருடங்கள் ஆகியும் குழந்தை இல்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், அக்காவின் நாத்தனார் எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அதைப் பற்றித்தான் விசாரிப்பாள்.

அந்த நாத்தனார் மாமாவுக்கு மூத்தவள். கிள்ளான் பக்கம் பண்டமாரானில் இருந்தாள். புருஷன் துறைமுகத்தில் வேலை செய்தார். வயதில் பெரியவள்தான், 'அவர்' என்று எழுத வேண்டியதுதான் முறை. கை வரவில்லை. தாயில்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள், அதை நான் இல்லை என்று சொல்ல மாட்டேன். அதை அவளே நாளுக்கொரு தடவை சொல்லிவிடுவாள் என்பதால் நான் சொல்ல வேண்டிய அவசியமும் இருந்ததில்லை.

மாமாவுக்கு முதலில் ஈறில் இரத்தம் வந்தது. பிறகு காலில் எங்கேயும் இடிக்காமலே கன்றிப்போன தடங்கள். காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குப் போனவரைப் படுக்கச் சொல்லிவிட்டார்கள். இரத்தத்தில் புற்று என்றார்கள். ஊசி மருந்து ஏற ஏற முடி கொட்டியது, தோல் வெளுத்தது, வாய் வெந்துபோனது. வாய் வெந்தது என்றால் ஏதோ பேச்சுக்குச் சொல்வதாக நினைக்க வேண்டாம். உதட்டின் உட்புறத் தோல் உரிந்து தொங்கியது. நாக்கிலும் அண்ணத்திலும் வெள்ளை வெள்ளையாகப் படிந்து, உறைந்த பாலைப் பூசிவிட்ட மாதிரி இருந்தது. அவர் வாயைத் திறந்தால் புளித்த வாடை ஒன்று வரும். நான் கட்டிலின் கால்மாட்டில் நிற்கக் கற்றுக்கொண்டேன். அவர் அதைக் கவனித்துவிட்டு, "மூக்கு, நீ கதவுகிட்டயே உக்காரு" என்றார். பேசினால் வலிக்கும் வாயால் அதையும் சொன்னார்.

சோறு இறங்கவில்லை. ஆஸ்பத்திரி சூப் எரிந்தது. அக்கா காய்ச்சிக் கொண்டுபோகும் ராகிக் கஞ்சி மட்டும்தான் தொண்டையில் இறங்கியது. டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் ஆரம்பித்தாள். நன்றாகக் கொதிக்க வைத்து, சூடாகப் பிளாஸ்கில் ஊற்றி, உடனே கொடுத்தால் சரி என்று அவர் சொல்லியிருந்தார். ஆகவே புளிக்க வைக்கிற கூழ் இல்லை. மாவைத் துணியில் சலித்து, தண்ணீரில் கரைத்து, கட்டி தட்டாமல் கிண்டி, பால் விட்டு, கொஞ்சம் சீனி போட்டு, மறுபடியும் ஒரு வெள்ளைத் துணியில் வடிகட்டுவாள். பிளாஸ்கை வெந்நீரில் அலசுவாள். மாவு மூட்டையைப் பிரித்த அன்று வழக்கம்போல என்னைக் கூப்பிட்டாள். மோந்து பார்த்தேன். மண்வாசனை மாதிரி ஒரு நல்ல வாசம், அவ்வளவுதான்.

அக்கா கரண்டியால் ஊட்டுவாள். மாமா கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவார். விழுங்கி முடித்ததும் கரண்டியைப் பார்ப்பார். இன்னும் வேண்டும் என்பதற்கு அவர் கண்டுபிடித்த பேச்சு அது.

பிறகு காய்ச்சல் திரும்பி வந்தது. இந்தத் தடவை எந்த மருந்துக்கும் இறங்கவில்லை. கையிலும் நெஞ்சிலும் சிவப்புச் சிவப்பாகச் சின்னப் புள்ளிகள் எழும்பின. இரத்தம் எடுத்து, அதில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கிறோம் என்றார்கள். சில நாள் கழித்து டாக்டர் என்னை நடைவழியில் நிறுத்திச் சொன்னார். அவர் யாழ்ப்பாணத்துக் குடும்பத்தவர். தமிழை விட இங்கிலீஷில்தான் சரளம். அக்காவுக்கு இங்கிலீஷ் வராது என்பதால் எப்போதும் என்னிடம்தான் சொல்வார்.

"இரத்தத்தில யீஸ்ட் வளருது" என்றார்.

"ரொட்டிக்குப் போடுற யீஸ்ட்டா?"

"அந்தச் சாதிதான். ஆனா இது வேற. வழக்கமா வாற வகையும் இல்ல. நான் இதைப் புத்தகத்திலதான் பார்த்திருக்கிறன்."

இது எல்லாருடைய தோலிலும் குடலிலும் சும்மா கிடக்கிற ஜந்துதானாம். நல்ல உடம்பில் அது வாலைச் சுருட்டிக்கொண்டு இருக்கும். புற்றுக்குக் கொடுத்த மருந்து, காவல் காக்கிற வெள்ளை அணுக்களையும் சேர்த்துத் துடைத்துவிட்டதால், குடல் வழியாகவோ டிரிப்ஸ் குழாய் வழியாகவோ உள்ளே நுழைந்துவிட்டது. யாரும் கொண்டுவந்து வைத்தது இல்லை, யார் மேலும் தப்பு இல்லை என்று அவரே சொன்னார். கொடுக்கக்கூடிய மருந்து ஒன்று இருக்கிறது, கடுமையான மருந்து, இந்த வகை அதற்கு அடங்குமா என்று தெரியவில்லை என்றும் சொன்னார்.

உயிரோடு இருக்கிற மனிதருக்குள், மூடி வைத்த மாவு மாதிரி, ஒன்று புளித்துக்கொண்டிருக்கிறது. அக்காவிடம் போய், "பூஞ்சை மாதிரி ஒரு கிருமியாம்க்கா, ரத்தத்துல இருக்காம், மருந்து குடுக்கப் போறாங்க" என்றேன்.

"பழைய ரொட்டியில பூக்குமே, அதுவா?"

"அந்த மாதிரி."

அக்கா தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். எழுந்துபோய்க் கழுவிக்கொண்டு வந்தாள்.

மருந்து மஞ்சளாக இருந்தது. வெளிச்சம் படக்கூடாதென்று பாட்டிலுக்குக் கறுப்பு உறை போட்டு மாட்டினார்கள். ஏறத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் மாமாவுக்கு நடுக்கம் வந்துவிடும். பல்லோடு பல் அடித்துக்கொள்ளும். கட்டில் ஆடும். கம்பளி மேல் கம்பளியாகப் போட்டு அக்கா அவர் மேல் பாதி படுத்த மாதிரி அமுக்கிப் பிடித்துக்கொள்வாள். பிறகு வேர்த்துக் கொட்டும், வாந்தி எடுப்பார், வாந்தியோடு வாயிலிருந்த வெள்ளைப் படலம் பிய்ந்து வரும். எல்லாம் அடங்கியதும் அவர் கேட்பது ஒன்றுதான்.

"கஞ்சி இருக்கா?"

இந்த நிலைமையில்தான் நாத்தனார் பண்டமாரானிலிருந்து வந்து இறங்கினாள். கூடவே உறவுக்காரப் பெண்கள் ஒரு கும்பல். கட்டிலைச் சுற்றி ஒரே கூட்டம். வாயை மூடக் கொடுத்த துணியைக் கழுத்தில் தொங்கப் போட்டுக்கொண்டு, கை கழுவச் சொன்ன மிஸ்ஸியை முறைத்துவிட்டு உள்ளே வந்தார்கள். தாதியை நாங்கள் மிஸ்ஸி என்றுதான் சொல்லுவோம். அந்த வார்டு மிஸ்ஸி ஒரு மலாய்ப் பெண், சுறுசுறுப்பானவள், மாமாவிடம் நல்ல மாதிரி.

நாத்தனார் தம்பியின் வாயைப் பார்த்தாள். "ஐயோ, வாயில என்னா இது" என்று சொல்லிக்கொண்டே முந்தானை நுனியை விரலில் சுற்றி உள்ளே விட்டுத் தேய்த்தாள். நான் கதவருகிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் கம்பியைப் பிடித்த விரல், கிள்ளான் பஸ் ஸ்டாண்டில் சில்லறை வாங்கிய விரல், அது மாமாவின் உரிந்த நாக்கில் ஏறி இறங்கியது. மாமாவின் கால் விரல்கள் கம்பளிக்கு வெளியே மடங்கின. வெள்ளைப் படலத்தில் இரத்தம் கலந்து முந்தானையில் ஒட்டியது. அதை அவள் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு கைப்பையிலிருந்து பாட்டிலை எடுத்து, விபூதி கரைத்த தண்ணீரைத் தன் உள்ளங்கையில் ஊற்றி, அந்தக் கையாலேயே அவர் வாயில் விட்டாள். நான் வெளியே போய் வாந்தி எடுத்துவிட்டு வந்தேன். இதை நான் கூட்டிச் சொல்லவில்லை.

அதனால்தான் செத்தார் என்று சொல்ல மாட்டேன். கிருமி முன்பே இரத்தத்தில் இருந்தது. நியாயத்தை அவள் பேசவில்லை என்பதற்காக நானும் பேசாமல் இருக்க முடியாது.

போகும்போது அவள் மிஸ்ஸியைப் பிடித்துக்கொண்டாள். தம்பிக்கு என்ன என்று, சந்தையில் பேசிப் பழகிய பாசார் மலாயில் கேட்டாள். மிஸ்ஸி பாவம், சுருக்கமாகப் புரியவைக்க நினைத்து, "ராகி மாசோக் டாரா, காக்" என்றிருக்கிறாள்.

மலாயில் காக் என்றால் அக்கா, ராகி என்றால் யீஸ்ட். தாப்பாய் செய்கிறார்களே, சோற்றையோ மரவள்ளிக் கிழங்கையோ இலையில் கட்டிப் புளிக்க வைக்கும் இனிப்பு, அதற்குப் போடுகிற வெள்ளை வில்லைக்குப் பெயர் ராகி. பக்கத்து வீட்டு மலாய்க்காரர்கள் பெருநாளுக்குக் கொடுத்தனுப்பும் தாப்பாயை நாங்கள் எல்லாரும் தின்றிருக்கிறோம். எதைப் போட்டுப் புளிக்க வைக்கிறீர்கள் என்று போய்க் கேட்டவள், வாசனை பிடிக்கும் நான் ஒருத்திதான். மிஸ்ஸி சொன்னதற்கு, யீஸ்ட் இரத்தத்தில் நுழைந்துவிட்டது என்று அர்த்தம். நாத்தனார் காதில் விழுந்தது நம்முடைய ராகி, கேழ்வரகு, அக்கா பிளாஸ்கில் கொண்டுவருகிற கஞ்சி.

வார்டு வாசலிலேயே அவள் அக்காவை நிறுத்தினாள். "ஏம்மா, என்னாத்த ஊத்துற என் தம்பிக்கு? ராகி ரத்தத்துல ஏறிடுச்சாம். மிஸ்ஸியே சொல்றா."

நான் இடையில் போனேன்.

"அண்ணி, மலாய்ல ராகின்னா யீஸ்ட்டு. நம்ம ராகி இல்ல. டாக்டர் என்கிட்ட சொன்னாரு."

"நீ ஸ்கூல்ல படிச்ச மலாயி. நான் பாசார்ல பேசற மலாயி. எனக்குத் தெரியாதா?"

"பூஞ்சை மாதிரி கிருமின்னு சொன்னாரு, அண்ணி."

அவள் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. அந்தத் தெளிவை நினைத்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. "அதான் நானும் சொல்றேன். மாவுலதானே பூஞ்ச பூக்கும்? பூத்த மாவப் பாக்காம காச்சி ஊத்தியிருக்கா."

நான் சொன்ன உண்மையையே எடுத்துத் தன் பொய்க்கு முட்டுக் கொடுத்துவிட்டாள். வேண்டுமென்று செய்திருந்தால் கூட எனக்கு அவ்வளவு கசந்திருக்காது. அவள் மனதார நம்பினாள்.

அன்று அவர்கள் பஸ் ஏறிக் கிள்ளானுக்குப் போனார்கள். ராகியும் அவர்களோடு ஏறிப் போனது. பண்டமாரானில் அது இறங்கும்போது மாவில் புழு இருந்ததாம். அங்கிருந்து எஸ்டேட்டுகளுக்குப் போய்ச் சேர்வதற்குள், குழந்தையில்லாத ஒருத்தி புருஷனுக்கு மாவில் என்னத்தையோ கலந்து கொடுத்தாளாம். எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்றால், சொன்னவர்களே என்னிடம் வந்து, "இப்படிப் பேசிக்கிறாங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். தான் போட்ட குப்பையைத் தானே வந்து காட்டிவிட்டு மூக்கைப் பொத்திக்கொள்ளும் ஜாதி.

அதைக் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அக்கா கஞ்சி காய்ச்சுவதை நிறுத்திவிட்டாள்.

மறுநாள் மாலை நான் வார்டுக்குப் போனபோது பிளாஸ்கில் பார்லித் தண்ணீர் இருந்தது. நாத்தனார் கிளம்பும் முன் பார்லி வாங்கிக் கொடுத்து, அதைக் கொடு, சூட்டைத் தணிக்கும் என்று சொல்லியிருக்கிறாள். மாமா ஒரு கரண்டி குடித்தார். முகம் கோணியது. "கஞ்சி" என்றார்.

"இன்னைக்கி இதுதாங்க. நாளைக்கிப் பாக்கலாம்" என்றாள் அக்கா.

நான் அவளை வெளியே இழுத்துக்கொண்டு போனேன். அந்த நடைவழியில் பினாயில் வாடையும் யாரோ கொண்டுவந்த கருவாட்டுக் குழம்பு வாடையும் ஒன்றாக அடித்தது. "அக்கா, அந்த மாவ நான் மோந்து பாத்தேன். நீதானே குடுத்த? நல்லா இருந்துச்சி."

"தெரியும்."

"அப்புறம் என்னா?"

"நீ எனக்காகச் சொல்ற" என்றாள்.

அடுத்த நாள் ஆபீசில் பர்மிஷன் போட்டுவிட்டு டாக்டரைப் பிடிக்கப் போனேன். அவர் கேட்டுவிட்டுச் சிரிக்கவில்லை, அதற்கு நன்றி. ராகிக் கஞ்சிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, சூடாக, சுத்தமாக எது இறங்கினாலும் கொடுக்கட்டும், அவருக்குச் சாப்பாடு போக வேண்டும் என்றார். ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன். நீயே வந்து அவரிடம் கேள் என்று கையைப் பிடித்தேன். கையை உருவிக்கொண்டாள்.

"நான் கேட்டு, அவரு ஆமான்னுட்டா?"

"ஆமான்னு சொல்ல மாட்டாருக்கா. இப்பத்தானே கேட்டுட்டு வரேன்."

"நீ எனக்காகச் சொல்ற" என்றாள் மறுபடியும். "ஒரு வேள அதுவா இருந்துட்டா? ஒரு வாய் கூட ஏன் குடுக்கணும்?"

வாழ்நாள் முழுக்க மீன் கெட்டதா இல்லையா என்பதை என் மூக்கை நம்பியே முடிவு செய்தவள், இந்த ஒன்றில் என்னை நம்பவில்லை. அவள் கோழை இல்லை. அவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று அவ்வளவு பயம். நானே கஞ்சி காய்ச்சிக் கொண்டுபோனேன். அவள் என் கையிலிருந்து தம்ளரை வாங்கி, சத்தம் போடாமல் கழுவுதொட்டியில் கொட்டிவிட்டு வந்தாள். நான் ஆத்திரத்தில் வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாமாவும் பார்த்தார். எனக்குச் சத்தம் அடங்கிவிட்டது.

அவருக்கு விஷயம் தெரியாது. அவரிடம் யார் சொல்வது? அவரைப் பொறுத்தவரை, தினமும் வந்துகொண்டிருந்த கஞ்சி திடீரென்று வரவில்லை. மஞ்சள் மருந்து ஏறும், கட்டில் ஆடும், வேர்க்கும், பிறகு அவர் பிளாஸ்கைப் பார்ப்பார். அக்கா மூடியில் பார்லியை ஊற்றுவாள். அவர் உதட்டை இறுக்கிக்கொள்வார். கோபித்துக்கொண்டாரா என்று கூடத் தெரியவில்லை. ஒரு தடவை மட்டும், "மாவு தீந்துபோச்சா?" என்று கேட்டார். அக்கா ஆமாம் என்றாள். "வாங்கிக்கலாம்" என்றார், அவளுக்குச் சமாதானம் சொல்கிற மாதிரி.

சிறுநீர் குறைந்தது. முகம் ஊதியது. நெஞ்சில் இருந்த புள்ளிகள் கறுத்தன. அந்த வாரக் கடைசியில், மதியம் பார்வையாளர் நேரத்தில், அக்கா காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருக்கும்போதே போய்விட்டார். வாய் திறந்தபடி இருந்தது. வெள்ளையாக, உள்ளே வரைக்கும். நான் கதவருகிலிருந்து எழுந்து வந்து, முதல் தடவையாக மூக்கைப் பிடிக்காமல், அந்த வாயை மூடினேன்.

சாவு வீட்டைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்கிறேன். நாத்தனார் நன்றாக ஒப்பாரி வைப்பாள். கிள்ளான் பக்கம் எந்தச் சாவுக்கும் அவளைக் கூப்பிடுவார்கள். குவார்ட்டர்ஸ் வாசலில் கூடாரம் போட்டு, மாமாவைக் கிடத்தி, பெண்கள் சுற்றி உட்கார்ந்தபோது அவள் ஆரம்பித்தாள். இடுப்பில் தூக்கிய கதை வந்தது, பால் வாங்க வழியில்லாத கதை வந்தது, எனக்கே கண்ணீர் வந்தது. பிறகு ராகி வந்தது. கரைத்து ஊற்றினாளாம், கண்ணை மூடிக் குடித்தானாம், குடித்தது விஷமென்று தெரியாமல் போனானாம். அழுகையோடு, இராகத்தோடு, அடிக்கு அடி எதுகையோடு வந்தது. சுற்றியிருந்தவர்கள் மூக்கைச் சிந்திக்கொண்டு அக்காவை ஓரக்கண்ணால் பார்த்தார்கள். சவத்தை நடுவில் வைத்துக்கொண்டு அதன் மேலேயே எச்சில் துப்பின மாதிரி இருந்தது எனக்கு. மனிதர்களைப் பார்த்து நான் அவ்வளவு அருவருத்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அக்கா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பதினாறாம் நாள் படையலில் மாமாவுக்குப் பிடித்ததெல்லாம் வைத்தார்கள், சுருட்டு உட்பட. கஞ்சி இல்லை. அக்கா கேட்கவும் இல்லை.

அதற்கும் பிறகு ஒரு நாள் அக்கா, பிளாஸ்க் ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிட்டது, போய் எடுத்துக்கொண்டு வருவோம் என்றாள். கல்யாணத்துக்கு மாமாவின் கூட்டாளிகள் வாங்கிக் கொடுத்த பிளாஸ்க் அது. மினிபஸ் ஏறிப் போனோம். அதே மிஸ்ஸி இருந்தாள். அக்காவைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள். சாமான் அறையில் ஒரு பையில் மாமாவின் கைலி, சீப்பு, பிளாஸ்க் எல்லாவற்றையும் போட்டு வைத்திருந்தாள். தலையில் முடியே இல்லாதவருக்கு அக்கா எதற்குச் சீப்பு கொண்டுபோனாள் என்று அப்போதுதான் தோன்றியது.

பிளாஸ்க் கனத்தது. உள்ளே ஏதோ இருந்தது. அவர் போன அன்று குடிக்காமல் விட்ட பார்லி. அதைக் கொட்டிவிடலாம் என்று கழுவுதொட்டியருகே போய் அக்கா மூடியைத் திருகினாள். தக்கை பட்டென்று மேலே தெறித்தது. நுரை பொங்கி அவள் கையில் வழிந்தது. கள்ளுக்கடை வாசலில் வருமே, அந்தப் புளித்த நாற்றம். அதோடு இன்னொரு வாடையும். மாமாவின் வாயில் வந்த வாடை. நான் இரண்டடி பின்னால் போய்விட்டேன்.

மிஸ்ஸி எட்டிப் பார்த்தாள். முகத்தைச் சுளித்தாள். "சுடா பெராகி நீ, காக். புவாங் லா." புளித்துவிட்டது, கொட்டிவிடுங்கள் என்றாள்.

பெராகி. அக்காவின் கை அப்படியே நின்றது. "ராகி?" என்றாள். "இனி புக்கான் ராகி. இனி பார்லி." இது ராகி இல்லை, பார்லி என்றாள்.

"யா லா, பார்லி. தாப்பி சுடா நாயேக் ராகி." பார்லிதான், ஆனால் அதில் ராகி ஏறிவிட்டது என்று மிஸ்ஸி விரலால் நுரையைக் காட்டினாள். இதுதான் ராகி, தாப்பாய் செய்யப் போடுவோமே அது, உங்கள் கணவர் இரத்தத்தில் வந்ததும் இந்த மாதிரி ஒன்றுதான் என்று நிதானமாக, கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். அக்கா நுரையைப் பார்த்தாள். அவளுக்கு நான் தமிழில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நான் எத்தனை விதமாகச் சொல்லியும் ஏறாதது, கை வழியாக வழிந்த நுரையில் ஏறிவிட்டது. அப்பாடா என்று நினைத்தேன். என் அக்கா மேல் அப்பியிருந்த அசிங்கம் இன்றோடு போயிற்று என்று நினைத்தேன்.

அக்கா தன் அரைகுறை மலாயில் மிஸ்ஸியைக் கேட்டாள். "இத்து ஹாரி... பூபோர் டியா. காலாவ் சாயா காசி, போலே?" அன்றைக்கு அவருடைய கஞ்சியை நான் கொடுத்திருந்தால், கொடுத்திருக்கலாமா?

மிஸ்ஸிக்கு எதுவும் தெரியாது. வெள்ளை மனசோடு சொன்னாள். "போலே லா, காக். கெனாப்பா தாக் போலே? டியா செலாலு மிந்தா, கான்?" கொடுத்திருக்கலாமே, ஏன் கூடாது, அவர் கேட்டுக்கொண்டே இருந்தாரே.

எங்கேயோ மணி அடித்தது. மிஸ்ஸி போய்விட்டாள்.

அக்கா பார்லியைக் கொட்டினாள். குழாயைத் திறந்து பிளாஸ்கைக் கழுவ ஆரம்பித்தாள். அங்கே இருந்த சோப்பை எடுத்துப் போட்டுக் குலுக்கினாள், ஊற்றினாள், மறுபடியும் போட்டாள். விரல் நுழையாத வாயில் விரலை நுழைக்கப் பார்த்தாள். நான் போதும் என்று சொல்லவில்லை. கடைசியில் குழாயை மூடிவிட்டு, பழைய பழக்கத்தில், பிளாஸ்கை என் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"நாத்தம் போச்சா? நீ மோந்து பாரு."

நான் முகத்தை உள்ளே வைக்கிற மாதிரி வைத்து, ஆழமாக இழுத்துப் பார்த்தேன். சோப்பு வாசனையைத் தவிர ஒன்றும் இல்லை.

"போயிடுச்சிக்கா."

"நீ எனக்காகச் சொல்ற" என்று அக்கா மறுபடியும் குழாயைத் திறந்தாள்.